காலாவதி ஆகும் வரை

அத்தியாயம் 9

குளியலறையில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தபோது, மேஜை மேல் மகளின் போன் அதிர்ந்தது.

திரையில் பெயர் இல்லை. வெறும் எண். அதுவும் ஏதோ அலுவலகத்து எண் போல நீளமாக.

அம்மா சாப்பாட்டு டப்பாவை மூடிக்கொண்டிருந்தாள். கை அப்படியே நின்றது.

"சம்பந்தி வீடா?" என்றார் கணவர். குனிந்து ஷூ கயிற்றைக் கட்டிக்கொண்டிருந்தார்.

"அப்படித்தான் இருக்கும்."

"கட் பண்ணு. இன்னிக்கு விடாம அடிப்பாங்க. கடைசி நாளாச்சே."

அவள் கட் பண்ணினாள். பிறகு, கதவைத் தாழ் போட்ட பின் ஒரு முறை இழுத்துப் பார்ப்பாளே, அதே பழக்கத்தில் அந்த எண்ணுக்கு 'சம்பந்தி 23' என்று பெயர் போட்டு, இனி அழைப்பே வராதபடி பிளாக் செய்தாள். ஈரக் கையால் தொட்டதில் திரையில் விழுந்த தடத்தை முந்தானையில் துடைத்து, போனை இருந்த இடத்திலேயே வைத்தாள்.

சம்பந்தி என்று பெயர் வைத்தது அவர்தான். கடன் வசூல் அலுவலகத்திலிருந்து அழைப்புகள் வரத் தொடங்கிய முதல் வருஷம். "தினம் நலம் விசாரிக்கறாங்க. எப்ப செய்வீங்க, எவ்வளவு செய்வீங்கன்னு கேக்கறாங்க. செய்யலேன்னா குரல் மாறிடுது. சம்பந்தி இல்லாம வேற யாரு?" அன்று மூன்று பேரும் சிரித்தார்கள். சிரித்ததில் பயம் கொஞ்சம் சின்னதாகி, பையில் போட்டு எடுத்துப் போகிற அளவுக்கு வந்தது. அப்படியே தங்கிவிட்டது.

ஆறு வருஷத்துக்கு முன்னால் அவரும் அவர் தம்பியும் சேர்ந்து ஒரு சலவைக் கடை போட்டார்கள். மாதச் சம்பளம் அவளுக்கு மட்டும்தான் இருந்தது. அதனால் கிரெடிட் கார்டு அவள் பெயரில் வாங்கப்பட்டது. அதே கணக்கில் தம்பிக்கு ஒரு துணை அட்டை. இரண்டு பெரிய சலவை இயந்திரங்கள் அந்த அட்டைகளில்தான் வந்தன. கடை ஒன்றரை வருஷம் ஓடியது. ஒரு காலையில் தம்பி, வீட்டில் எல்லோருக்கும் சின்னவன், சொல்லாமல் கொள்ளாமல் போய்விட்டான். இயந்திரங்கள் பாதி விலைக்குப் போயின. கடன் மட்டும் அவள் பெயரிலேயே நின்று, வட்டி போட்டு வளர்ந்தது.

"ஓடிப்போனவன்" என்றுதான் அதற்குப் பிறகு அவர் தம்பியைச் சொல்வார். பெயர் சொல்வதை விட்டுவிட்டார்.

இப்போது அவர் லிஃப்ட் பழுது பார்க்கும் கம்பெனியில் இருக்கிறார். அவர் போகிற கட்டடம் ஒன்றில் வக்கீல் ஆபீஸ் இருக்கிறது. அங்கே இருக்கிற குமாஸ்தா சொன்ன ஒரு விஷயத்தை அவர் மந்திரம் போல வைத்திருந்தார். கடைசியாகப் பணம் கட்டிய நாளிலிருந்து இத்தனை வருஷம் ஒன்றும் கட்டாமல், ஒன்றும் ஒப்புக்கொள்ளாமல் இருந்துவிட்டால், கடன் காலாவதி. கேஸ் போட முடியாது. அந்த நாள் அடுத்த மாதம் வருகிறது.

சம்பந்தி வீட்டுக்கும் அது தெரிந்திருக்கும் போல. போன வாரம் மெசேஜ் வந்தது. இன்று சாயங்காலம் அலுவலகம் மூடுவதற்குள் பாதிக்கும் குறைவாக ஒரே தவணையில் கட்டினால், கணக்கை முடித்துவிடுவார்களாம்.

அந்தப் பணம் இருக்கிறது. அதுதான் தொல்லை. மகளுக்கென்று ஒரு தனி அறை உள்ள வீடு பார்த்து, முன்பணத்துக்காகச் சேர்த்து வைத்திருந்தது.

"செத்துப்போகப் போற கடனுக்கு யாராவது வைத்தியம் பாப்பாங்களா?" என்று நேற்று கேட்டார். இன்று எழுந்து நின்று பையை மாட்டிக்கொண்டு, அதையே வேறு விதமாகச் சொன்னார். "சாயங்காலம் வரைக்கும் போனைத் தொடாதே. இவ்வளவு நாள் இருந்தாச்சு. இன்னும் ஒரு மாசம். மூச்சைப் பிடிச்சுக்கிட்டு இருந்துட்டா கரை ஏறிடலாம்."

அவள் தலையாட்டினாள். மூச்சைப் பிடித்துக்கொண்டு இருப்பது அவளுக்குப் பழக்கம்தான்.

ஆரம்பத்தில் அவள் போனை எடுத்துக்கொண்டிருந்தாள். எடுத்து, "அவங்க இல்லையே, வெளியூர் போயிருக்காங்களே" என்பாள். தன்னைப் பற்றித்தான். "எப்ப வருவாங்க?" என்று கேட்டால், "தெரியலையே, நான் பக்கத்து வீடு" என்பாள். முதல் முறை சொன்னபோது காது சூடானது. பிறகு சரளமாக வந்தது. ஒரு நாள் கண்ணாடி முன் தலை வாரிக்கொண்டிருந்தபோது, வெளியூர் போனவள் இன்னும் திரும்பவில்லை என்று தோன்றியது. அதற்குப் பிறகுதான் போனை எடுப்பதையே விட்டாள்.

மகள் தலையைத் துவட்டிக்கொண்டு வந்தாள். "போன் அடிச்சுதா?"

"சம்பந்தி."

"என் நம்பருக்கு எப்படிம்மா வர்றாங்க? நான் என்ன வாங்கித் தின்னேன்?" சலித்துக்கொண்டு போனை எடுத்துப் பையில் போட்டாள். கண் ஆஸ்பத்திரி ஒன்றில் பரிசோதனைப் பிரிவு வேலைக்கு நேர்முகம் முடித்துப் பத்து நாளாகக் காத்திருந்தாள். "இன்னிக்காவது சொல்வாங்களான்னு பாக்கணும்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அந்த வாக்கியம் அம்மாவின் காதில் விழுந்தது. உள்ளே போகவில்லை.

*

அவள் வேலை செய்வது பல் செட் செய்யும் லேபில். டாக்டர்கள் அனுப்பும் வாய் அச்சிலிருந்து மாதிரி எடுத்து, மெழுகில் ஒவ்வொரு பல்லாக நட்டு வரிசை அமைப்பது அவள் வேலை. அவளுக்கு எதிர் மேஜையில் பிளாஸ்டர் ஊற்றுகிறவர். வயதில் பெரியவர், வாய் ஓயாதவர்.

இன்றைய சீட்டைப் பார்த்து அவர் சிரித்தார். "இதப் பாரும்மா. முன் பல் ரெண்டுக்கும் நடுவுல இடைவெளி வேணுமாம். பழைய வாயில அப்படித்தான் இருந்துச்சாம். காசு கொடுத்து ஓட்டை வாங்கறார் மனுஷன்."

"அவர் வாய், அவர் ஓட்டை" என்றாள்.

"நீ ஏன் இன்னிக்கு இப்படி இருக்க? அந்தக் கோரைப்பல் திரும்பி நிக்குது பாரு."

திரும்பித்தான் நின்றது. மெழுகைச் சூடாக்கிப் பிடுங்கி மறுபடி நட்டாள். சுவர்க் கடிகாரம் அவளுக்கு நேர் எதிரில் இருந்தது. கட்டினால் என்ன என்று ஒரு மனசு. கட்டுகிறவள் முட்டாள் என்று இன்னொரு மனசு. இரண்டும் அவள் குரலில் பேசவில்லை என்பதுதான் அவளை உறுத்தியது. ஒன்று அவர் குரல். மற்றது அந்த மெசேஜின் குரல். தனக்கென்று இதில் ஓர் ஆசை இருக்கிறதா என்று தேடினாள். போன் அடித்தால் பயப்படாமல் இருக்க வேண்டும். அவ்வளவுதான் கிடைத்தது. அதற்கு இவ்வளவு பணமா என்று வெட்கமாக இருந்தது.

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு மகள் அழைத்தாள்.

"அம்மா, காலைல என் போன்ல நீ ஏதாவது பண்ணியா?"

"சம்பந்தி நம்பரை பிளாக் பண்ணேன். ஏன்?"

அந்தப் பக்கம் வண்டிகளின் சத்தம். பிறகு மகள் மிக மெதுவாகப் பேசினாள்.

"ஆஸ்பத்திரிலேர்ந்து மெயில் வந்திருக்கு. காலைல ரெண்டு தடவை கூப்பிட்டாங்களாம். பேச முடியலையாம். அவசரமா ஆள் வேணுங்கறதால அடுத்தவங்களுக்குக் கொடுத்துட்டாங்களாம். கீழ நம்பர் போட்டிருந்துச்சு. டயல் பண்ணலாம்னு அடிச்சேன். என் போன் பேரு காட்டுதும்மா. சம்பந்தி இருபத்து மூணுன்னு."

அவள் எதிரே பற்கள் இல்லாத ஒரு மெழுகு ஈறு இருந்தது. அதையே பார்த்தாள்.

"கண்ணு…"

"இரு. திட்டணும்னுதான் போன் பண்ணேன். வர மாட்டேங்குது." மகள் மூக்கை உறிஞ்சினாள். "சித்தப்பாவுக்குக் கொடுத்த மாதிரி எனக்கும் ஒரு துணை அட்டை போட்டுக் கொடுத்திட்டீங்க, இல்ல? நான் ஒண்ணுமே வாங்கலம்மா அதுல."

"இப்ப எங்க இருக்க?"

"ஆஸ்பத்திரிக்குப் போயிட்டிருக்கேன். நேர்ல போய் நிக்கறேன். என்ன சொல்லப் போறேன்னு கேக்காதே. எங்க வீட்ல போன்னா பயம் சார்னா சொல்ல முடியும்?"

மகள் போனை வைத்துவிட்டாள்.

பிளாஸ்டர்காரர் எதையோ கேட்டார். அவள் எழுந்து, பின்பக்கம் கம்ப்ரஸர் வைத்திருக்கும் அறைக்குப் போனாள். அங்கே எப்போதும் இரைச்சல். கதவைச் சாத்தினால் யாருக்கும் ஒன்றும் கேட்காது.

இத்தனை வருஷமாகத் தான் ஒளிந்துகொள்வதாகத்தான் நினைத்திருந்தாள். ஒளிகிறவள் பிள்ளையையும் சேர்த்து இழுத்து முந்தானைக்குள் மூடியிருக்கிறாள். பிள்ளைக்கு மூச்சு முட்டியது தெரியவில்லை.

போன வாரத்து மெசேஜில் இருந்த எண்ணை அழுத்தினாள். இசை ஓடியது. ஒரு பெண் எடுத்தாள்.

"யார் பேசறீங்க?"

அவள் தன் பெயரைச் சொன்னாள். "நான்தான் பேசறேன்" என்றாள். சொல்லியாகிவிட்டது, இனி அதைத் திரும்ப வாங்க முடியாது.

"மேடம், நீங்களேவா?" அந்தப் பெண்ணுக்கு ஜலதோஷம் போல, குரல் அடைத்திருந்தது. பிறந்த தேதி கேட்டாள், பழைய முகவரி கேட்டாள். பிறகு கொஞ்சம் இறங்கி வந்தாள். "ரொம்ப நாளா உங்க கணக்கு என்கிட்டதான் இருக்கு மேடம். குறிப்பு எல்லாத்துலயும் 'வெளியூர் சென்றுள்ளார்'னு இருக்கும். வந்துட்டீங்களா?"

கேலியா, கரிசனமா என்று பிரிக்க முடியவில்லை. "வந்துட்டேன்" என்றாள். பிறகு, கேட்கக் கூடாது என்று கணவர் சொல்லி வைத்திருந்ததையே கேட்டாள். "அடுத்த மாசத்தோட இது காலாவதி ஆயிடும்னு சொன்னாங்களே. நிஜமா?"

அந்தப் பெண் விசைப்பலகையைத் தட்டினாள்.

"கடைசியா பணம் வந்த தேதியிலேர்ந்துதானே மேடம் கணக்கு?"

"நாங்க கட்டி வருஷக்கணக்காச்சே."

"இல்லையே. போன மாசம் கூட வந்திருக்கு. சின்னத் தொகைதான். ஆனா விடாம வருது. ரெண்டு மூணு மாசத்துக்கு ஒரு தடவை. எங்க கணக்குப்படி ஒவ்வொரு தடவையும் காலம் முதல்லேர்ந்து ஆரம்பிக்குது."

"யாரு கட்டறாங்க?"

"துணை அட்டை வச்சிருக்கறவர். உங்க குடும்பத்தவர்தானே மேடம் அவர்?"

கம்ப்ரஸர் நின்றது. அறை திடீரென்று அமைதியானது. அவள் பதில் வெளியே வரைக்கும் கேட்டிருக்கும்.

"ஆமா. என் கொழுந்தன்."

*

கணவர் இன்று வேலை செய்கிற கட்டடம் லேபுக்கு இரண்டு தெரு தள்ளி. அவள் அனுமதி கேட்டுக்கொண்டு ஓட்டமும் நடையுமாகப் போனாள்.

முதல் மாடியில் லிஃப்ட் கதவு திறந்து கிடந்தது. குறுக்கே மஞ்சள் தடுப்பு. உள்ளே கூண்டு பாதி இறங்கி நின்றது. அதன் கூரை மேல் அவர் நின்றிருந்தார். அவர் தலை அவள் முழங்கால் உயரத்தில் இருந்தது. கையெல்லாம் கிரீஸ்.

"இங்க எதுக்கு வந்த? யாருக்கு என்ன?"

"யாருக்கும் ஒண்ணுமில்ல." தடுப்பைப் பிடித்துக்கொண்டு குந்தினாள். மகளின் வேலையைச் சொன்னாள். காலையில் கட் பண்ணச் சொன்னதே தான்தான் என்பது அவருக்கு நினைவு வந்தது. அது முகத்தில் தெரிந்தது. துணியில் கையைத் துடைத்தார். துடைத்த கையையே மறுபடி துடைத்தார்.

"நான் அவங்களுக்குப் போன் பண்ணேன்" என்றாள்.

"யாருக்கு?"

"சம்பந்திக்கு."

அவர் நிமிர்ந்தார். "பேசினியா? நீதான்னு சொன்னியா?"

"சொன்னேன்."

"போச்சு." குரல் அந்தக் கிணறு போன்ற இடத்தில் மேலும் கீழும் போய் வந்தது. "எல்லாம் போச்சு. ஒரு மாசம் பொறுக்க முடியல உனக்கு?"

"முன்னாடியே போயிடுச்சுங்க. உங்க தம்பி கட்டிட்டு இருக்கான்."

"எவன்?"

"சின்னவன். ரெண்டு மூணு மாசத்துக்கு ஒரு தடவை. போன மாசம் கூட. அதனால காலமெல்லாம் மறுபடி மறுபடி முதல்லேர்ந்து ஆரம்பிக்குதாம்."

அவர் சிரித்தார். சிரிப்பு என்று அதைச் சொல்ல முடியாது. "பாரு. எங்கயோ இருந்துக்கிட்டும் நம்ம குடியைக் கெடுத்திருக்கான்."

"கெடுத்தானா?"

அவர் மேலிருந்து தொங்கும் இரும்புக் கயிறுகளில் ஒன்றைப் பிடித்துக்கொண்டார். அவர் என்ன நினைக்கிறார் என்று அவளுக்குப் புரிந்தது. தெரிந்தவர்கள், உறவுகள், அவன் பழைய சிநேகிதர்கள் என்று ஒரு வீடு விடாமல், ஓடிப்போனவன் என்று சொல்லி வைத்திருக்கிறார். அவளும் பக்கத்தில் நின்று தலையாட்டியிருக்கிறாள். அவன் மட்டும் எங்கோ இருந்து, அவள் பெயரில் உள்ள கடனுக்கு, கையில் கிடைத்ததைப் போட்டுக்கொண்டிருக்கிறான். ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நிறுத்தியிருப்பார்கள். நிறுத்தியிருந்தால் காலாவதி ஆகியிருக்கும்.

"குமாஸ்தாவைக் கேக்கலாம்" என்றார் கடைசியில். "அவன் கட்டினது கணக்குல வராதுன்னு வாதாட முடியுமோ என்னவோ. அட்டை உன்னுது. அவன் யாரு கட்டறதுக்கு?"

"அவன் யாருமில்லைன்னு எழுதிக் கொடுக்கச் சொல்றீங்களா என்னை?"

"நான் அப்படிச் சொன்னேனா?"

"அதுக்கு வேற என்னங்க அர்த்தம்?"

மேல் மாடியிலிருந்து யாரோ, "லிஃப்ட் எப்ப வரும்?" என்று கத்தினார்கள். "நடந்து வாங்க, உடம்புக்கு நல்லது" என்று அவர் திருப்பிக் கத்தினார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"அந்த வீடு? குட்டிக்கு ஒரு ரூம் வேணும்னு நீதானே அழுத?"

"நான்தான் அழுதேன்." அந்த அறையின் ஜன்னல் எந்தப் பக்கம் திறக்கும் என்பது வரை அவளுக்குத் தெரியும். "ஆனா அவ நம்பருக்கு வர்ற போனை நான் கட் பண்ணிட்டிருந்தா, அந்த ரூம்ல அவ உக்காந்து என்ன பண்ணப் போறா?"

அவர் கிரீஸ் துணியைத் தோளில் போட்டுக்கொண்டார்.

"கட்டிடறேங்க. எழுத்துல கேட்டிருக்கேன், மொத்தமும் முடிஞ்சுதுன்னு. அனுப்பிட்டாங்க. படிச்சேன்." போனை நீட்டினாள். அவர் கிரீஸ் கையோடு வாங்காமல் எட்டிப் பார்த்தார். உதடு அசையப் படித்தார்.

"என்னைக் கேக்கறியா, சொல்றியா?"

அவளுக்கே அது தெரியவில்லை. கல்யாணமான நாளிலிருந்து இரண்டையும் ஒரே குரலில்தான் செய்துகொண்டிருந்தாள். "கடன் என் பேர்லதானே இருக்கு" என்றாள்.

அவர் முகம் திரும்பியது. அடித்தது போல் ஆகிவிட்டதோ என்று பதறினாள். ஆனாலும் திருத்தவில்லை.

அவர் கயிற்றைப் பார்த்தபடியே கேட்டார். "கட்டினா அவனுக்குத் தெரியுமா?"

"ரெண்டு நம்பருக்கும் மெசேஜ் போகும்னாங்க."

"உடனேயா?"

"உடனே."

அவர் துணியை மடித்தார். பிரித்தார். "நாமதான் கட்டினோம்னு வருமா?"

"கணக்கு முடிஞ்சுதுன்னு வரும். வேற யாரு கட்டுவான்னு அவனுக்குத் தெரியாதா?"

"அப்ப கட்டு" என்றார். உடனே திரும்பி, கூண்டின் கூரையில் குனிந்து எதையோ முடுக்க ஆரம்பித்தார். அங்கே முடுக்க எதுவும் இருந்ததாகத் தெரியவில்லை.

அவள் கட்டினாள். பாஸ்வேர்டைத் தப்பாகப் போட்டு, மறுபடி போட்டாள். திரையில் சின்ன வட்டம் சுற்றியது. சேர்த்த பணத்தில் முக்கால்வாசி, அந்த வட்டம் சுற்றி நிற்பதற்குள் போய்விட்டது. மெசேஜ் வந்தது.

லேசாகும் என்று நினைத்திருந்தாள். ஆகவில்லை. பல் பிடுங்கிய பிறகு நாக்கு அந்தக் குழியையே தேடிப் போகுமே, மனசு அப்படித் தேடியது. மகள் என்ன ஆனாளோ. ஆஸ்பத்திரி வாசலில் நிற்கிறாளோ, உள்ளே விட்டார்களோ. வீட்டுக்காரரிடம் வேண்டாம் என்று யார் சொல்வது. இதற்கெல்லாம் பதில் தெரியாமல் அங்கேயே குந்தியிருந்தாள்.

போன் அடித்தது.

பெயர் இல்லாத எண். கட்டை விரல் தானாகச் சிவப்புப் பக்கம் போனது. அதை நிறுத்தி, மறுபக்கம் கொண்டுபோக ஒரு பாரத்தைத் தூக்குவது போல் இருந்தது.

"ஹலோ. நான்தான் பேசறேன். நீங்க யாரு?"

மூச்சுச் சத்தம். பின்னால் ஏதோ இயந்திரம் ஒரே சீராகச் சுழன்றுகொண்டிருந்தது.

"அண்ணி."

அவள் போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

"இப்பதான் மெசேஜ் வந்துச்சு. ஏன் அண்ணி கட்டினீங்க? நான் முடிச்சிருப்பேனே. இன்னும் கொஞ்ச நாள்…" குரல் உடைந்து, பிறகு அவசரமாகத் தாழ்ந்தது. "அண்ணன் பக்கத்துல இருக்காரா? இருந்தா ராங் நம்பர்னு சொல்லி வச்சிடுங்க. அவர் ஏன் என்னைப் போகச் சொன்னார்னு நீங்க கேக்க வேண்டாம். நானும் சொல்லல."

போகச் சொன்னார்.

கூண்டின் மேல் முடுக்கும் சத்தம் நின்றிருந்தது. அவர் குனிந்தபடியே, முதுகைக் காட்டிக்கொண்டு கேட்டார்.

"யாரு போன்ல?"

அந்த முதுகைப் பார்த்தாள். ராங் நம்பர் என்று சொல்வது எவ்வளவு சுலபம் என்று அவளுக்குத் தெரியும். இத்தனை வருஷம் அதில்தான் தேர்ச்சி பெற்றிருந்தாள்.

"உங்க தம்பி" என்றாள். தடுப்புக்கு மேலாகப் போனை அவரிடம் நீட்டினாள்.